கன்னியப்பன் என்கிற சாமுவேல்

சாமுவேலைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றும் இல்லை. அவர் மனைவி பொன்னியம்மாள் எழுதலாம், ஆனால் அவளுக்குக் கையெழுத்துக்கு மேல் வராது. மகள் எழுதலாம், ஆனால் அவள் வாயே திறக்கக் கூடாது. ஏன் என்பது போகப் போகத் தெரியும். மிச்சம் இருப்பது நான். சின்ன காஞ்சிபுரத்தில், வரதர் கோயிலுக்கு நாலு தெரு தள்ளி, இருபத்தெட்டு வருஷம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தினவள். மங்கை டீச்சர் என்றால் ஊரில் தெரியும். முன்கோபக்காரி என்பதும் தெரியும். அவர்களுடைய பெயர்களை மாற்றி, பட்டறையையும் தெருவையும் கொஞ்சம் நகர்த்தி எழுதுகிறேன். உள்ளபடி எழுதினால் அடி என் மேல் விழாது, அந்தப் பெண் மேல் விழும்.

சாமுவேலின் வீடு செவிலிமேட்டைத் தாண்டி, பாலாற்றுப் பக்கமாக உள்ள காலனியில். அப்பா காலம் வரைக்கும் ஊரார் நிலத்தில் கூலி வேலை. குடும்பத்தில் முதன்முதலாகக் கழனியை விட்டுப் பட்டறைக்குப் போனவர் இவர்தான். பிள்ளையார்பாளையத்தில் ஒரு சாயப்பட்டறை. கொதிக்கிற தொட்டியில் பட்டு நூல் கட்டுகளைக் கழியில் மாட்டித் திருப்பித் திருப்பி முக்கி, எடுத்து அலசி, முறுக்கிப் பிழிய வேண்டும். பிழிவதில்தான் சாமர்த்தியம். அழுத்தம் கூடினால் நூல் கெட்டுவிடும், குறைந்தால் சாயம் திட்டுத் திட்டாக நிற்கும். சாமுவேல் பிழிந்த கட்டை உதறினால் ஒரு சொட்டுத் தெறிக்காது என்று முதலாளியே சொல்வாராம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் திருவிருந்துக்குக் கை நீட்டும்போது அந்த வாரத்து நிறம் நகக்கண்ணில் இருக்கும். ஒருதரம் பாஸ்டர் முகம் சுளித்ததற்கு, இந்த வாரம் பூரா கல்யாண ஆர்டர், அதனால் ஆண்டவருக்கும் அரக்குதான் என்று பதில் சொன்னாராம். அப்படி ஒரு மனிதர்.

அவருக்கு இரண்டு பெயர். இதில் மர்மம் எதுவும் இல்லை, அந்தக் காலனியில் பாதிப் பேருக்கு அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் சேர்த்த பெயர் கன்னியப்பன். ரேஷன் கார்டு, ஓட்டுப் பட்டியல், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் அதுதான். இருபது வயதில் ஞானஸ்நானம் எடுத்தபோது வைத்த பெயர் சாமுவேல். வீட்டிலும் தெருவிலும் பட்டறையிலும் அவர் சாமுவேல். பட்டியல் சாதிக்காரர் கிறிஸ்தவரானால் அந்தப் பட்டியலிலிருந்து அவரை எடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். சாமி மாறினால் சாதியும் கழன்று போய்விடும் என்று டில்லியில் யாரோ உட்கார்ந்து எழுதி வைத்தது. காலனியை ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்தவர்களுக்கு மட்டும் அந்தச் சட்டம் எட்டவே இல்லை. அதனால் ஜனங்கள் காகிதத்துக்கு ஒரு பெயர், கோயிலுக்கு ஒரு பெயர் என்று வாழப் பழகிக்கொண்டார்கள். 1987-இல் மகள் பிறந்தபோது, இந்த இரட்டைக் குடித்தனம் தன்னோடு போகட்டும் என்று சாமுவேல் அவளுக்குக் கிருஷ்ணவேணி என்று ஒரே பெயராக வைத்தார். பாஸ்டருக்கு அதிலும் மனத்தாங்கல்.

1995 ஜனவரியில் ஒரு மேஸ்திரி சாயப்பட்டறைகளைச் சுற்றி வந்து ஆள் எடுத்தான். வடக்கே, ரயிலில் இரண்டு நாள் தூரத்தில் ஓர் ஆலை, தரையைத் துடைத்துச் சுத்தம் செய்கிற வேலை, மூன்று வாரம். ஈரத்திலும் சூட்டிலும் நின்று பழகினவர்கள் வேண்டும், பிழியத் தெரிந்தவர்கள் வேண்டும் என்றான். இன்னொரு காரணத்தை அவன் சொல்லவில்லை. அந்த ஊர் பாஷை தெரியாதவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து எதையும் உளற முடியாது. சாமுவேலோடு சேர்த்துப் பதினொரு பேர் போனார்கள். வாசலில் பாஸ் எழுத ரேஷன் கார்டை வாங்கிப் பார்த்து, சாதி, மதம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். ஆகவே அங்கே அவர் கன்னியப்பன்.

அது அணு உலை என்று அவர்களுக்குத் தெரியவே மூன்று நாள் ஆனது. ஜன்னலுக்குத் திரை போட்ட பஸ்ஸில் கூட்டிப்போய் ஒரு பெரிய கூடத்தில் விட்டார்கள். எங்கோ குழாய் விட்டுப்போய், தரை முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர். துணியால் ஒற்றி எடுத்து டிரம்மில் பிழிய வேண்டும். கையுறை கொடுத்தார்கள். நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு சின்ன அட்டையும் கொடுத்தார்கள், உடம்பில் கதிர்வீச்சு எவ்வளவு பட்டது என்று அது பதிவு செய்யுமாம். கையுறையோடு பிழிந்தால் துணியில் பாதித் தண்ணீர் அப்படியே நிற்கிறது. வேலை தெரிந்த கைக்கு அது பொறுக்குமா? சாமுவேல் கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிவிட்டு வெறுங்கையால் பிழிந்தார். அவரைப் பார்த்து மற்றப் பத்துப் பேரும் கழற்றினார்கள். கையில் என்ன நிறம் ஏறுகிறது என்பதை வைத்துத்தான் சாயக்காரன் தண்ணீருக்குப் பயப்படுவான். இந்தத் தண்ணீர் ஒரு நிறமும் விடவில்லை. பதினைந்து வருஷத்தில் முதல்தடவையாக நகக்கண் வெள்ளையாக இருந்தது என்று அவர் என்னிடம் சொன்னார். முகமூடி போட்ட அதிகாரிகள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். ஒருவரும் வேண்டாம் என்று கை அசைக்கவில்லை, வேலைதான் சீக்கிரம் முடிந்துகொண்டிருக்கிறதே.

பத்தொன்பது நாள் கழித்து, அட்டைகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு, ஓர் இங்கிலீஷ் காகிதத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, ஆளுக்கொரு கம்பளி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இது தேச ரகசியம், வெளியே சொன்னால் ஜெயில் என்று ரயிலில் மேஸ்திரி அந்தக் காகிதத்துக்கு விளக்கம் சொன்னான். எந்தப் பேப்பரிலும் அந்தக் கசிவைப் பற்றி ஒரு வரி வரவில்லை. சாமுவேல் பொன்னியம்மாளிடம்கூடச் சர்க்கரை ஆலை என்றுதான் சொன்னார். பத்து வருஷம் அதையே சொன்னார். சொல்லாதே என்றதைச் சொல்லாமல் இருப்பது மரியாதை என்று நினைக்கிற ரகம். இப்படிப்பட்ட பிரஜைகள் இருப்பதால்தான் இந்த அரசாங்கம் இத்தனை சௌகரியமாக நடக்கிறது.

2004-இல் அவருக்கு உடம்பு விட ஆரம்பித்தது. காரணமில்லாமல் காய்ச்சல், இடித்துக்கொள்ளாத இடத்தில் ரத்தக்கட்டு, இடது விலாவுக்குக் கீழே வயிறு வீக்கம். பாஸ்டர் கடிதம் கொடுத்து சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார். கடிதத்தில் சாமுவேல் என்று இருந்ததால் ஆஸ்பத்திரி நோட்டிலும் சாமுவேல். ரத்தப் புற்றுநோய் என்றார்கள். என்ன வேலை என்று டாக்டர் கேட்டதற்கு, சாயப்பட்டறை என்றார் இவர். ரசாயனத்தால் வந்திருக்கும் என்று டாக்டர் எழுதிக்கொண்டார். அங்கேயும் அவர் ரகசியத்தைக் காப்பாற்றினார்.

அது உடைந்தது ஒரு சாவு வீட்டில். கூடப் போன பதினொரு பேரில் மூன்றாவது ஆள் இறந்திருந்தார், அவருக்கும் ரத்தத்தில்தான் நோய். அவர் மனைவி தில்லையம்மாள் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்தபடியே, உன் வீட்டுக்காரரும் அந்த அணு கம்பெனிக்குப் போனவர்தானே என்று பொன்னியம்மாளைக் கேட்டாள். பொன்னியம்மாள் வீட்டுக்கு வந்து கேட்டபோது சாமுவேல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, ஜெயிலில் போடுவார்களா என்று கேட்டாராம்.

மறுவாரமே அவள் டாக்டரிடம் போய்ச் சொன்னாள். அவர் நல்ல மனுஷர். இந்த நோய்க்கு இப்போது தினமும் சாப்பிடுகிற ஒரு மாத்திரை வந்திருக்கிறது, சாப்பிட்டால் வருஷக்கணக்கில் இருக்கலாம், இங்கே நம்மால் தர முடியாது, அணுசக்தித் துறைக்கென்று தனி ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே வேலை செய்து நோய் வந்தவர்களுக்குக் கொடுக்கிறார்கள் என்றார். வேலை செய்தார், இவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று ஒரு காகிதம் மட்டும் கொண்டுவந்தால் அன்றைக்கே அனுப்பி வைப்பதாகச் சொன்னார். அதுவரைக்கும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுவது தவிர வேறு வழியில்லை.

அந்தக் காகிதத்துக்காகத்தான் பொன்னியம்மாள் என் வாசலுக்கு வந்தாள். கிருஷ்ணவேணி பிளஸ் டூ முடித்த கோடையில் என்னிடம் டைப் கற்றுக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரி, அடிக்கிற வேகத்தைப் பார்த்து மற்றப் பிள்ளைகளை நான் திட்டுவேன். அவளுக்கு அரசு நர்ஸிங் பள்ளியில் இடம் கிடைத்துச் சேர இருந்தாள். அம்மாவை அவள்தான் அழைத்து வந்தாள். முதல் நாள் பொன்னியம்மாளுக்குத் தண்ணீர் கொடுக்க நான் எந்த டம்ளரை எடுத்தேன் என்பது எனக்கு நினைவிருக்கிறது. அவளுக்கும் நினைவிருக்கும். அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

மனு மேல் மனுவாக அடித்தேன். மந்திரிக்கு, செயலாளருக்கு, துறைத் தலைவருக்கு. ஐந்து மாதத்தில் ஒரே ஒரு பதில், தங்கள் மனு உரிய இடத்துக்கு அனுப்பப்பட்டது என்று. உரிய இடம் குப்பைத் தொட்டி என்று நான் சொன்னபோது பொன்னியம்மாள் சிரித்தாள். அக்டோபரில் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. எனக்குக் கையும் காலும் பரபரத்தது. ஆஸ்பத்திரி நோட்டைப் பார்த்து, மு. சாமுவேல் என்பவர் பெற்ற கதிர்வீச்சு அளவு எவ்வளவு, 1995-இல் நடந்த கசிவின் விவரம் என்ன என்று விண்ணப்பம் அடித்து அனுப்பினேன். இருபத்தொன்பதாம் நாள் பதில் வந்தது. அப்படி ஒரு கசிவு நடக்கவில்லை. ஒப்பந்தத் தொழிலாளர் பட்டியல் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, தர இயலாது. மேலும் அந்தப் பதிவேட்டில் சாமுவேல் என்று எவரும் இல்லை.

நான் குதித்தேன். இல்லை என்று சொல்ல வேண்டுமானால் புரட்டிப் பார்த்திருக்க வேண்டும், பார்த்தார்கள் என்றால் பதிவேடு இருக்கிறது. அந்த உற்சாகத்தில் டவுன் பஸ் பிடித்து அவர்கள் வீட்டுக்கே போனேன். சாமுவேலை அன்றைக்குத்தான் முதலில் பார்க்கிறேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், உடம்பு எலும்பாகவும் வயிறு மட்டும் பெரிதாகவும் இருந்தது. கடிதத்தை வாசித்துக் காட்டியதும் சிரித்துவிட்டு, அந்த ஆலையில் தன் பெயர் கன்னியப்பன் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஏழு மாதமாகத் தப்பான பெயருக்கு மனு அடித்துக்கொண்டிருக்கிறேனே, ஒருத்தராவது சொல்லக்கூடாதா என்று கத்தினேன். நீங்கள் கேட்கவே இல்லையே என்றாள் பொன்னியம்மாள். உண்மைதான். ஒரு மனிதருக்கு ஒரு பெயர் என்பது எனக்குக் கேட்க வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

கன்னியப்பன் பெயரில் இரண்டாவது விண்ணப்பம் போட்டேன். 2006 மார்ச்சில் பதில் வந்தது. அந்தப் பெயரில் ஒரு பதிவு இருக்கிறது. கதிர்வீச்சு அளவு தனிநபரின் அந்தரங்க விவரம் என்பதால் அவருக்கு மட்டுமே தர முடியும். மருத்துவச் சான்று சாமுவேல் பெயரில் இருப்பதால், இருவரும் ஒருவரே என்பதற்கு ஆதாரம் அனுப்ப வேண்டும். பொன்னியம்மாள் அந்தக் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர் அங்கே இருந்தார் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது அதுதான் முதல்தடவை. ஆனால் சாமுவேல் தலையை ஆட்டினார்.

"வோணாம் டீச்சர். அது ரெண்டும் தனித்தனியா அதும்பாட்டுக்குப் போய்க்கினு இருக்குது. ஒண்ணா சேத்து வெச்சீங்கன்னா கிருஷ்ணவேணி படிப்பு போயிடும்."

கன்னியப்பனும் சாமுவேலும் ஒருவர் என்று நிரூபிக்க இருக்கிற ஒரே ஆதாரம் சர்ச்சின் ஞானஸ்நானப் பதிவு. அது வெளியே வந்தால் கன்னியப்பன் கிறிஸ்தவர். கிருஷ்ணவேணி கிறிஸ்தவரின் மகள். பட்டியல் சாதி ஒதுக்கீட்டில் வாங்கிய நர்ஸிங் இடம் மோசடி ஆகிவிடும். இது அவருக்கு அந்த நிமிஷமே தெரிந்தது. எனக்குத் தெரியவில்லை, சொன்ன பிறகும் உறைக்கவில்லை. நான் வாதாடினேன்.

"பத்து வருஷமா ஒரு குழாய் ஓட்டையையே வெளியில சொல்லாத டிபார்ட்மெண்ட், உங்க பேரையா ஊருக்குச் சொல்லப்போறது? லெட்டர் தலைப்புலயே ரகசியம்னு போட்டிருக்கா. உள்ளதை உள்ளபடி எழுதுவோம், சாமுவேல்."

அவர் பொன்னியம்மாளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "படிச்சவங்க சொல்றாங்க இல்ல" என்றாள்.

என் குடும்பத்தில் ஏழு தலைமுறைப் பெயர்களை என்னால் மூச்சுவிடாமல் சொல்ல முடியும். ஒன்றையும் யாரும் மறைக்க வேண்டி வந்ததில்லை. உண்மையை எழுதிவிட்டால் யார் என்ன செய்துவிட முடியும் என்று எனக்கு எப்போதும் ஒரு எண்ணம். அதைத் தைரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னதால் எனக்கு இதுவரை எதுவும் பறிபோனதில்லை, அவ்வளவுதான் விஷயம். அது புரிவதற்கு எனக்கு ஐம்பத்தாறு வயது ஆனது, வேறு ஒருவருடைய உயிரும் தேவைப்பட்டது.

பாஸ்டர் பதிவேட்டைப் பார்த்துச் சான்று எழுதிக் கொடுத்தார். கன்னியப்பன் என்கிற சாமுவேல் ஒருவரே என்று தாலுகா ஆபீஸில் சான்றிதழும் வாங்கினோம். இரண்டையும் இணைத்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். அந்த ஆறு வாரமும் பொன்னியம்மாள் மாத்திரை வந்தால் எந்த அலமாரியில் வைப்பது என்பது வரை யோசித்தாள். சாமுவேல்கூட அடுத்த வருஷம் என்று ஒருதரம் பேச்சை ஆரம்பித்தார்.

ஜூன் கடைசியில் பதில் வந்தது. இரண்டே பத்தி. மனுவில் சொல்லப்பட்ட நிகழ்வு நடக்காததால் அதன் தொடர்பான அளவு எதுவும் இல்லை, மனு முடித்துவைக்கப்படுகிறது. இரண்டாவது பத்தி: இந்தப் பணியாளர் தம் சமயத்தையும் சாதியையும் பற்றித் தந்த விவரங்கள் இணைப்பிலுள்ள ஆவணங்களோடு முரண்படுவதால், அவற்றின் நகல்கள் தக்க நடவடிக்கைக்காக மாவட்ட அதிகாரிகளுக்கு அனுப்பப்பட்டுள்ளன. பதினோரு வருஷம் தங்கள் ரகசியத்தில் ஒரு சொட்டுக்கூடக் கசியவிடாத துறை, இந்தக் குடும்பத்தின் ரகசியத்தை ஆறு வாரம்கூட வைத்திருக்கவில்லை. நான் அந்தக் கடிதத்தை மூன்றுதரம் வாசித்தேன்.

அடுத்த மாதமே நர்ஸிங் பள்ளிக்கு நோட்டீஸ் வந்தது. சாதிச் சான்றிதழ் செல்லுமா என்று விசாரணை முடியும் வரை கிருஷ்ணவேணி தேர்வு எழுதக்கூடாது. அவள் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். படிப்பு போனால் போகிறது, அப்பாவுக்கு மாத்திரை கிடைத்தால் போதும் என்று அழுதாள். மாத்திரை இல்லை என்று முதல் பத்தியிலேயே எழுதியாகிவிட்டது என்பதை அவளுக்கு நான்தான் விளக்க வேண்டியிருந்தது. படிப்பைக் கொடுத்து வாங்குவதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒன்றுமே இல்லை. மேல்முறையீடு செய்யலாம், அதற்கு ஒரு வருஷம் ஆகும். சாமுவேலிடம் ஒரு வருஷம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

விசாரணை அலுவலகத்தில் ஒரு வயதான குமாஸ்தா இருந்தார். கிருஷ்ணவேணியின் மார்க்கைப் பார்த்துவிட்டு அவருக்கு மனசு கேட்கவில்லை. எங்களை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் தணிந்த குரலில் ஒரு வழி சொன்னார். கன்னியப்பன் வேறு, சாமுவேல் வேறு என்று ஆகிவிட்டால் பிரச்சினையே இல்லை. ஒருவரே என்று சொன்ன சான்றிதழ் தவறுதலாக வாங்கியது என்று திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், பாஸ்டரும் பதிவேட்டில் ஆள் மாறிப் பார்த்துவிட்டதாக எழுதித் தர வேண்டும். கன்னியப்பன் நேரில் வந்து, தான் இந்து, நல்ல உடம்போடு இருக்கிறேன், சென்னையில் வைத்தியம் பார்க்கிற சாமுவேல் யாரென்று தெரியாது என்று வாக்குமூலம் கொடுத்தால் போதும். ஆனால் ஆஸ்பத்திரியில் விசாரிக்க ஆள் போவார்கள், இனிமேல் சாமுவேல் அங்கே வரக்கூடாது.

அதாவது, அந்த ஆலையில் வேலை செய்த கன்னியப்பனுக்கு நோய் இல்லை. நோய் வந்த சாமுவேல் அந்த ஆலைக்குப் போனதே இல்லை. துறை எழுதியதெல்லாம் சரி என்று நாங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். ரத்தம் ஏற்றுவதையும் நிறுத்த வேண்டும்.

சாமுவேல் யோசிக்கவே இல்லை. கிருஷ்ணவேணி கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, ஆஸ்பத்திரி நோட்டை எடுத்து அடுப்பில் போடச் சொன்னார். பொன்னியம்மாள் மாட்டேன் என்றாள். கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து தானே போட்டார். வாக்குமூலத்தை நான் டைப் அடித்தேன். நல்ல உடல்நலத்துடனும் சுயநினைவுடனும் என்று ஆரம்பிக்கிற வழக்கமான வாசகம், ஆயிரம் பேருக்கு அடித்திருப்பேன். அன்றைக்கு அந்த ஒரு வரியில் நாலு தப்பு விழுந்தது, நாலுதரம் தாளை உருவி மாற்றினேன்.

ஆகஸ்ட் மாதம் ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு விசாரணை. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார், கையிலிருந்த ரத்தக்கட்டுகள் தெரியாமல் இருக்க. வயிற்றை மறைக்கச் சட்டையை வெளியே விட்டிருந்தார். கன்னம் ஒட்டிப்போனது தெரியாமல் இருக்க வெற்றிலை அடக்கிக்கொள்ளலாமா என்று வழியில் கேட்டார். அலுவலகம் மாடியில். கைப்பிடியைத் தொடாமல் ஏறினார். பொன்னியம்மாள் இரண்டு படி பின்னால், விழுந்தால் பிடிக்கிற தூரத்தில், ஆனால் பிடிக்க வருகிறவள் மாதிரி தெரியாமல் ஏறினாள்.

அதிகாரி சின்ன வயசு, மரியாதையாகவே பேசினார். நான் கதவோரம் நின்று பார்த்தேன். பெயர், அப்பா பெயர், தொழில். சாமுவேல் நிமிர்ந்து நின்று பதில் சொன்னார். சர்ச்சுக்குப் போவதுண்டா என்றதற்கு, கச்சேரி கேட்கப் போவேன் சார் என்று சொல்லிச் சிரித்தார். அதிகாரியும் சிரித்தார். பிறகு அவர் ஃபைலைப் புரட்டிவிட்டு, அந்த வடநாட்டு ஆலையைப் பற்றிக் கேட்டார்.

"அங்க வேலை செஞ்சது நீங்கதானே? அங்க ஏதாவது நடந்துச்சா?"

"ஒண்ணும் நடக்கல சார். தரை தொடச்சோம். வந்துட்டோம்."

"உடம்புக்கு எதுவும் இல்லியே?"

"ஒண்ணும் இல்ல சார். இன்னா சார், பட்டறை வேலை செய்ற உடம்பு."

அதைச் சொல்லும்போது அவர் மூக்கின் ஓரத்தில் ரத்தம் எட்டிப் பார்த்தது. ஜலதோஷக்காரர் மாதிரி ஒருதரம் உறிஞ்சிக்கொண்டு துண்டால் துடைத்தார். அரக்குக் கலர் துண்டு, அதற்காகவே எடுத்து வந்திருந்தார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதிகாரி எழுதிக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் பார்க்காததுபோல் இருந்திருப்பாரோ, தெரியாது. கையெழுத்துப் போடச் சொன்னார். கன்னியப்பன் என்று திருத்தமாகப் போட்டார்.

இறங்கும்போது பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். பொன்னியம்மாள் அவர் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். மூச்சு வாங்கி முடிந்ததும் அவர் என்னைத்தான் பார்த்தார்.

"நல்லா சொன்னேனா டீச்சர்?"

"நன்னா சொன்னேள்" என்றேன். என் பெரியப்பாவிடம் பேசுகிற மாதிரி வந்துவிட்டது.

அதன்பிறகு ஆஸ்பத்திரி கிடையாது. ஐப்பசி மழையில் அவர் வீட்டிலேயே இறந்தார். கடைசி ஒரு வாரம் வாயிலிருந்தும் ரத்தம் வந்தது. வலிக்கு ஊசி போடத் தெரிந்த மகள் பக்கத்திலேயே இருந்தாள், போட மருந்துதான் இல்லை. ஊர் டாக்டரைக்கூட அழைக்கப் பயந்தார்கள், புற்றுநோய் என்று எழுதிவிட்டால் என்ன செய்வது என்று. இறப்பைப் பதியும்போது காய்ச்சலால் மரணம் என்று சொன்னார்கள். பாஸ்டரை வீட்டு வாசலுக்கு வரவேண்டாம் என்று பொன்னியம்மாளே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். ஜெபம் இல்லை, பாட்டு இல்லை. தெருவில் இருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு தூக்கிப் போனார்கள். எல்லாருக்கும் தெரியும், எல்லார் வீட்டிலும் ஒரு பிள்ளை படிக்கிறது.

அடக்கம் முடிந்த ஒன்பதாம் நாள் விசாரணை முடிவு தபாலில் வந்தது. பொன்னியம்மாள் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள், தமிழில் சொல்லச் சொன்னாள். கிருஷ்ணவேணியின் சான்றிதழ் செல்லும், அவள் தேர்வு எழுதலாம். அதோடு நிறுத்திவிடலாம் என்று பார்த்தேன். நடுவில் இன்னொரு வரி இருக்கிறதே, அது என்ன என்று விரலை வைத்தாள். வாசித்தேன். கன்னியப்பன் என்பவர் நேரில் ஆஜரானார், அவர் நல்ல உடல்நலத்துடன் உள்ளார் என்று இந்த அலுவலகம் நேரில் கண்டு உறுதி செய்கிறது.

அவள் காகிதத்தைக் கையில் வாங்கி இரண்டாகக் கிழிக்கப் போனாள். கிழிக்கவில்லை. அதைக் காட்டினால்தான் பள்ளியில் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். வேலைக்குப் போகும்போது கேட்பார்கள், நிரந்தரமாக்கும்போது கேட்பார்கள், மகள் ஓய்வு பெறும் வரைக்கும் கேட்பார்கள். பத்து நகல் எடுத்து, ஒவ்வொன்றிலும் அதிகாரி கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன். சரி டீச்சர் என்று சொல்லிவிட்டு, மடிப்பு விழாமல் பிளாஸ்டிக் உறைக்குள் அதை வைத்து எடுத்துக்கொண்டு போனாள்.